விறகடுப்பு அணைந்த பிறகும் வீட்டைவிட்டுப் போகாத புகை வாசம்

கேள்வி: 2024 ஜூன் 23, காலை

தென்காசி பக்கம் வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மா ஆசைப்பட்டதால் பின்பக்கம் விறகடுப்பு போட்டு, 4 அங்குலக் கல்நார் சிமெண்ட் குழாயில் புகைபோக்கி வைத்தோம். எரியும்போது புகை ஒழுங்காக வெளியே போகிறது. அணைந்த பிறகுதான் தொல்லை. சாரல் ஆரம்பித்ததிலிருந்து, அடுப்பே பற்றவைக்காத நாளில்கூட படுக்கையறை வரை பழைய புகை வாசம் அடிக்கிறது. பினாயில், கற்பூரம், ஸ்பிரே எல்லாம் பார்த்தாயிற்று. அடுப்பை இடித்துவிடலாமா?

2024 ஜூன் 23, இரவு

இடிக்க வேண்டாம். இதே பேச்சு எங்கள் வீட்டில் 2021-ல் நடந்தது.

நாங்கள் பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை போகிற வழியில் இருக்கிறோம். பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுத் தார்சு வீடு, அதாவது கான்கிரீட் கூரை வீடு, கட்டினோம். அத்தை, அதாவது என் மாமியார், கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எனக்கு ஒரு அடுப்பு மட்டும் வெச்சுக் குடுத்துருங்க கண்ணு." வைத்துக் கொடுத்தோம். எட்டு மாதத்தில் என் பையன் பள்ளிக்கூடம் கிளம்பும்போது சட்டையை மோந்து பார்த்து வேறு சட்டை கேட்க ஆரம்பித்தான்.

எரியும்போது வாசம் இல்லை, அணைந்த பிறகு வருகிறது என்றால் உங்களுக்கு வருவது அன்றன்றைக்கு எரிந்த புகையின் வாசமாக இருக்க வாய்ப்புக் குறைவு. குழாயின் உள்சுவரில் தார் மாதிரி ஒட்டிக் கிடக்கும் பழைய புகைப்பிசின்தான் நாறுகிறது. மழை ஈரம் பட்டால் அது கிளம்பும். மேலே போகவேண்டிய காற்று கீழே இறங்கினால் அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து விடும். அதனால் வாசத்தை விரட்டுவதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். நாங்கள் இதைக் கடைசியில் பார்த்தோம், ஒன்றரை வருடம் வீணாகப் போயிற்று.

2024 ஜூன் 24

காற்றைப் பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு ஊதுபத்தி போதும். அடுப்பு முழுக்க ஆறியிருக்கும்போது, ஊதுபத்தியைப் புகைபோக்கியின் கீழ்வாய்க்கு நேராகப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டு மேலே போனால் நல்லது. உங்கள் முகத்துக்குத் திரும்பி வந்தால் அதுதான் வியாதி.

இதை மூன்று தடவை செய்யுங்கள். எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கும்போது ஒருமுறை. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது ஒருமுறை. அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்து ஒருமுறை.

எங்கள் வீட்டில் இரண்டாவது தடவைதான் விஷயம் பிடிபட்டது. ஃபேனைப் போட்டதும் ஊதுபத்திப் புகை ஒரு கயிறு மாதிரி வளைந்து, அடுப்பு வாயிலிருந்து நேராக கேஸ் அடுப்பு மேடைப் பக்கம் போனது. ஃபேன் வெளியே தள்ளுகிற அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவும் ஜன்னலும் சாத்திக் கிடந்தால் மிச்சம் இருக்கிற ஒரே ஓட்டை புகைபோக்கி. தோசைக்கு ஃபேன் போடும்போதெல்லாம் நாங்களே அந்தத் தார் வாசத்தை உறிஞ்சி வீட்டுக்குள் விட்டிருக்கிறோம்.

அந்தப் பக்கத்து ஜன்னலை ஒரு சாண் திறந்தேன். ஊதுபத்திப் புகை திரும்பிக்கொண்டது.

2024 ஜூன் 24, சற்று நேரம் கழித்து

சாம்பிராணி போடலாமா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குப் போடுங்கள். இதற்காகப் போட்டால் புகைமேல் இன்னொரு புகை படியும், அவ்வளவுதான்.

2024 ஜூன் 30

குழாயைச் சுத்தம் செய்த கதை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வாசத்தில் முக்கால்வாசி இதில்தான் போனது.

எங்களுடையது அப்போது 4 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய். சுவரைத் தாண்டியதும் ஒரு எல்போ (வளைவுத் துண்டு), படுக்கைவசத்தில் மூன்றடி, மறுபடி ஒரு எல்போ, அப்புறம் மேலே. முதல் எல்போவைக் கழற்றியபோது உள்ளே கை நுழைய இடமில்லை. கரி என்றால் பொடியாக உதிரும் என்று நினைத்திருந்தேன். இது உதிரவில்லை. கறுப்பாக, பளபளவென்று, உருக்கி ஊற்றிய வெல்லப்பாகு இறுகின மாதிரி ஒரு விரல் கனத்துக்கு நின்றது. நகத்தால் கீறினால் உள்ளே பழுப்பு நிறம். அந்தக் கீறலிலிருந்து வந்தது அப்படியே என் படுக்கையறை வாசம். இரண்டு மூட்டை கருவாட்டை நனைத்து, ஆஸ்பத்திரி லோஷனை அதன்மேல் ஊற்றின மாதிரி.

விறகில் லிக்னின் என்று ஒரு பொருள் உண்டு. மரத்துக்கு விறைப்புக் கொடுப்பது அதுதான். வெந்து உடையும்போது குவாயகால், சிரிங்கால் முதலான பீனால் வகைகள் வரும். நாம் "புகை வாசம்" என்று சொல்வதில் பெரும்பங்கு இவை. குழாய்ச் சுவரின் சூடு ஏறக்குறைய 120 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இவை நீராவியோடு சேர்ந்து சுவரில் படிந்துவிடும். படுக்கைவசக் குழாயில் புகை மெதுவாக நகர்ந்து ஆறுவதால் அங்கேதான் அதிகம் படியும். இது வாசத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. அடுப்பு பலமாக எரியும் ஒரு நாளில் இந்தத் தாரே குழாய்க்குள் பற்றிக்கொள்ளும். இப்படியே விட்டுவைக்காதீர்கள்.

நேர்க்குழாயில் மேலிருந்து கயிற்றில் சங்கிலிக் கொத்தைக் கட்டி ஏற்றி இறக்கினோம். வேலைக்கு வந்த தம்பி வெறும் வாயோடு ஆரம்பித்தார். நிறுத்தி, முகமூடியும் கையுறையும் கொடுத்த பிறகுதான் தொடரவிட்டேன். லண்டனில் புகைபோக்கி சுத்தம் செய்த பையன்களுக்கு வந்த புற்றுநோயையும் கரியையும் பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் 1775-லேயே தொடர்புபடுத்தி எழுதிவிட்டார். இருநூற்று ஐம்பது வருடம் ஆகியும் நாம் அந்த வேலைக்கு ஒருவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது.

ஒரு பக்கெட் நிறைய வந்தது. இரண்டே வருடப் புழக்கத்தில்.

2024 ஜூலை 1

அவசரத் திருத்தம். கேள்வி கேட்டவருடையது கல்நார் சிமெண்ட் குழாய். நேற்று அதை மறந்து சங்கிலி பற்றி எழுதிவிட்டேன். கல்நார்க் குழாயைச் சங்கிலியாலோ கம்பிப் பிரஷ்ஷாலோ சுரண்டவே கூடாது. அந்த நார் தூசி நுரையீரலுக்குப் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். நனைத்து, முழுசாகக் கழற்றி, பாலித்தீனில் சுற்றி அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பதில் 6 அங்குல எஃகுக் குழாய் போடுங்கள். எனக்கு இதைச் சுட்டிக்காட்டிய கம்பம் நண்பருக்கு நன்றி.

2024 ஜூலை 7

விறகைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

வெட்டின புதுசில் மரத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர் இருக்கலாம். 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் அது விறகு. ஈர விறகு எரியும்போது அதன் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரைக் கொதிக்கவைப்பதிலேயே போய்விடும், குழாய் சூடாகாது, மறுபடி தார் படியும். போன வருடம் ஒரு வேலாமரத் துண்டுக்குச் சுண்ணாம்பில் அடையாளம் போட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை தராசில் வைத்தேன். 2 கிலோ 350-ல் ஆரம்பித்து ஐந்து மாதத்தில் 1 கிலோ 520-ல் நின்றது. அதற்குமேல் இறங்கவில்லை. அன்றைக்குத்தான் அடுப்பில் வைத்தேன்.

தராசு இல்லாதவர்கள் இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது "டங்" என்று கேட்கும். ஈரமானது "தொப்" என்று கேட்கும். வெட்டுவாயில் வெடிப்பு ஓடியிருக்கும். அத்தைக்கு இதுகூடத் தேவையில்லை, கையில் தூக்கும்போதே "இது இன்னும் பச்ச, அந்தப் பக்கம் போடு" என்று விடுவார்.

எங்கள் ஊரில் தென்னைதான் எல்லாம். மட்டை, பாளை, பன்னாடை மூன்றும் பற்றவைக்க அருமை. ஆனால் மழையில் நனைந்த மட்டையை "காஞ்சிரும், காஞ்சிரும்" என்று அடுப்பு ஓரம் சாய்த்துவைத்து அதையே எரிப்பது பழக்கம். எங்கள் வீட்டு மழைக்கால வாசத்துக்கு அதுவும் ஒரு காரணம். இப்போது கொட்டகையில் தரைக்கு ஒரு முழம் மேலே கட்டை போட்டு அடுக்குகிறோம். தேங்காய்த்தொட்டி நன்றாக எரியும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பழைய கதவு இவற்றை மட்டும் எரிக்காதீர்கள், வாசம் ஒருபுறம் இருக்க, அந்தப் புகை விஷம்.

இன்னொன்று. அடுப்படியில் ஒரு கம்பித்தட்டு வையுங்கள். கீழிருந்து காற்று ஏறினால் விறகு புகையாமல் எரியும். 1983-ல் ஆரம்பித்து 2002 வரை நடந்த தேசிய அடுப்புத் திட்டத்தில் ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு போட்டுக் கொடுத்தார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உருவாக்கிய அஸ்திரா ஒலெ என்ற மூன்று பாத்திர அடுப்பிலும் கம்பித்தட்டு உண்டு. எங்கள் அம்மா வீட்டிலும் அந்தக் காலத்தில் ஒன்று போட்டார்கள். குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்றாம் வருடம் புகை அடைத்து, குழாயைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டார்கள்.

2024 ஜூலை 21

ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பதே அதனால்தான்.

எங்கள் புகைபோக்கியின் வாய் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உயரத்திலேயே முடிந்திருந்தது. அதற்கு ஆறடி தள்ளித் தண்ணீர்த் தொட்டி. மேற்குக் காற்று தொட்டியில் மோதிச் சுழன்று குழாய்க்குள் இறங்கும். போன வருடம் ஆடி முழுக்க, அடுப்பு எரியும்போதே சாம்பல் முகத்தில் அடித்தது.

அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து மூன்றடியாவது உயரம், சுற்றிப் பத்தடிக்குள் இருக்கும் எதைவிடவும் இரண்டடி கூடுதல் உயரம். எங்களுக்குத் தொட்டியைத் தாண்ட ஏழடி ஏற்ற வேண்டியிருந்தது. படுக்கைவசக் குழாயை நீக்கி, ஒரு எல்போவைக் குறைத்து, 6 அங்குலக் குழாயாக மாற்றி, மழைத் தொப்பியும் கம்பி இழுவையும் போட்டு 11,400 ரூபாய் ஆனது. இதை முதலிலேயே செய்திருந்தால் ஸ்பிரேக்கும் பெயிண்டுக்கும் கொடுத்த காசு மிஞ்சியிருக்கும். கட்டும்போது மேஸ்திரியிடம் கேட்டோம். "புகை எப்படியும் மேலதாங்க போகும்" என்றார். சூடான புகை போகும். ஆறிய குழாயில் காற்று கீழேயும் வரும்.

2024 ஆகஸ்ட் 4

நேற்று ஆடிப்பெருக்கு. வீட்டைக் கழுவும் சாக்கில் சுவருக்கு வந்தேன்.

மூலம் நின்றுவிட்டாலும் சுவரும் கூரையும் ஏற்கெனவே குடித்ததைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். ஈர நாளில் இன்னும் அதிகமாக. எங்கள் அடுப்படிக் கூரையில் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்திருந்தோம். மஞ்சள் திட்டு தெரிகிறதே என்று அதன்மேல் இன்னொரு கை அடித்தோம். நாற்பது நாளில் திட்டும் வாசமும் புது பெயிண்டைத் தாண்டி வந்தன.

செய்ய வேண்டிய வரிசை வேறு. முதலில் உலர்ந்த துணியால் கரியை ஒற்றி எடுங்கள். தேய்த்தால் உள்ளே ஏறிவிடும். அப்புறம் சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் துடைத்து, மூன்று நாள் காயவிடுங்கள். கறை போகாத இடத்தில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருப்பது, ஒரு கை அடித்தால் வாசத்தை அப்படியே பூட்டிவிடும். அடிக்கும்போது அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது. அரக்கு அடிக்காத இடத்துக்கு நாங்கள் பெயிண்டை முழுக்கச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். வருடம் ஒருமுறை பொங்கலுக்கு அடித்துக்கொள்ளலாம். அத்தைக்கு இதில்தான் அதிக சந்தோஷம்.

2024 ஆகஸ்ட் 5

"எந்தச் சோடா?" என்று சரியான கேள்வி வந்திருக்கிறது. நான் முதலில் போட்டது ஆப்பச் சோடா. அரை கிலோ கரைத்தும் அந்தத் தார்க்கறை அசையவில்லை. சலவைச் சோடாதான் வேலை செய்தது, அதற்குக் காரம் அதிகம். ஒரு பக்கெட்டுக்கு ஒரு கைப்பிடி. கையுறை அவசியம். அலுமினியப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், அரித்துவிடும்.

2024 செப்டம்பர் 15

கரி வைத்தால் வாசத்தை உறிஞ்சும் என்று ஜூலையில் ஒருவருக்குச் சொல்லியிருந்தேன். அதை மாற்றிச் சொல்கிறேன். அடுப்புக் கரியைக் கூடையில் போட்டுப் பீரோவுக்குள் பத்து நாள் வைத்துப் பார்த்தேன், சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. சாதாரணக் கரியும் ஆக்டிவேட்டட் கார்பனும் ஒன்று கிடையாது. தேங்காய்த்தொட்டிக் கரியை 900 டிகிரி வாக்கில் நீராவியில் வேகவைத்து, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகளைத் திறந்தால்தான் அது ஆக்டிவேட்டட் கார்பன் ஆகும். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கத் தேங்காய்த்தொட்டிகள் எத்தனையோ இதற்குத்தான் போகின்றன. அதில் இரண்டு கிலோ வாங்கித் துணிப்பையில் கட்டிப் பீரோவில் வைத்தேன். மூன்று வாரத்தில் பட்டுப்புடவைகளில் இருந்த வாசம் குறைந்தது. பருத்தித் துணிக்கு இது வேண்டியதில்லை, துவைத்து வெயிலில் போடுவதே போதும்.

இலவம்பஞ்சு மெத்தை இரண்டு மட்டும் தேறவில்லை. ஒரு மாதம் மொட்டைமாடி வெயிலில் போட்டுப் பார்த்தோம். கடைசியில் பஞ்சை மாற்றினோம்.

2024 அக்டோபர் 20

"எங்க ஊர்ப் பழைய வீட்டில் அறுபது வருஷம் விறகடுப்புதான், இந்த வாசமே இல்லையே" என்று எழுதியவருக்கு.

வாசம் இருந்திருக்கும். வீடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, அதனால் தங்கவில்லை. எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, வீட்டில் மங்களூர் ஓடு, ஓட்டுக்கு ஓடு இடுக்கு. அதிலெல்லாம் புகை கசிந்து போகும். காலையில் தெருவிலிருந்து பார்த்தால் கூரையே ஆவி விடுவது மாதிரி இருக்கும். சாணம் மெழுகிய தரையையும் சுண்ணாம்புச் சுவரையும் அடிக்கடி புதுப்பிப்பார்கள். அதோடு புகையை அவர்கள் வேலைக்கு வைத்திருந்தார்கள். அடுப்புக்கு மேலே அட்டாலியில் (பரணில்) புளி, விதைச் சோளம், வரமிளகாய், கருவாடு. பூச்சி அண்டாது. மூங்கிலும் பனஞ்சட்டமும் கரி ஏறி, கரையான் அரிக்காமல் நின்றன.

தார்சு போட்டு நாலு பக்கமும் சாத்திய வீட்டுக்குள் அதே அடுப்பைக் கொண்டுவந்தோம். ஓட்டு இடுக்குகள் செய்த வேலையை யார் செய்வார்கள் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அமுச்சி இரவில் பக்கத்தில் படுக்கவைப்பார். அவர் சேலைத் தலைப்பில் இருந்த புகை வாசம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கும். கண் இரண்டும் சிவந்தே இருந்ததும் நினைவிருக்கிறது.

2024 டிசம்பர் 8

இதை எழுத யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

வாசம் வாசம் என்று ஒன்றரை வருடம் பேசியபோது அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் ஹாலுக்கு வந்தால் அவர் எழுந்து பின்கட்டுக்குப் போக ஆரம்பித்தார். அடுப்பு வாசம் பற்றிப் பேசியதைத் தன்மேல் அடிக்கிற வாசம் பற்றிய பேச்சாக எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆயிற்று. ஒருநாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "இப்ப வருதா அம்மிணி?" என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குழாயில் எடுத்த தாரைக் காட்டினேன். "இதுதாங்க அத்தை. நீங்க இல்லீங்க." அதை மோந்து பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தார்.

அவருக்கு மார்கழியில் வருகிற இருமலை நாங்கள் பனி என்றே நினைத்திருந்தோம். மருத்துவர் முதலில் கேட்டது "எத்தனை வருஷமா விறகடுப்பு?" என்பதுதான். ஐம்பத்தைந்து வருடம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, வீட்டுக்குள் விறகு எரிக்கும் புகையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. வீட்டுக்குள் வாசம் நிற்கிறது என்றால் அங்கே உட்கார்ந்து ஊதுகிறவர் அதைப் பல மடங்கு மூச்சில் வாங்கியிருக்கிறார். இந்த இழையில் வாசத்தைப் பற்றிக் கேட்ட நீங்கள் ஒவ்வொருவரும் அடுப்பு முன்னால் உட்காருகிறவரின் இருமலைப் பற்றியும் கேளுங்கள்.

தினச் சமையல் இப்போது கேஸில்தான். விறகடுப்பு ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கும், வெந்நீருக்கும், அத்தைக்குத் தோன்றும்போதும். கறிக்கு நான் பற்றவைத்துத் தணல் ஆனபிறகே அவரைக் கூப்பிடுகிறேன்.

2024 டிசம்பர் 9

ஆறிய குழாயை அடைத்துவைக்கலாமா என்ற கேள்விக்கு: அடைக்கலாம், வாசம் இறங்காது. ஆனால் தணல் துளி இருந்தாலும் அடைக்கக் கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசமோ கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். நாங்கள் மறுநாள் காலை சாம்பலில் கை வைத்துப் பார்த்து, சாம்பலை முழுக்க அள்ளிய பிறகே தகரத்தைச் செருகுகிறோம். தகரத்தில் ஒரு முழம் சிவப்புத் துணி கட்டி அடுப்பு வாய்க்கு முன்னால் தொங்கவிட்டிருக்கிறேன். அதை எடுக்காமல் யாரும் விறகு வைக்க முடியாது.

2025 ஜூன் 1

இந்த வருடம் மழை மே கடைசியிலேயே வந்துவிட்டது. புது ஏற்பாட்டுக்கு இது முதல் முழு மழைக்காலத்தின் ஆரம்பம் என்பதால் பயத்தோடுதான் இருந்தேன். எட்டு நாள் விடாத மழை. நேற்று ராத்திரி படுக்கையறையில் ஒன்றுமில்லை. காலையில் பின்கட்டுக் கதவைத் திறந்ததும் லேசாக வந்தது. ஊதுபத்தி பிடித்தேன், புகை மேலேதான் போனது. தேடியதில், கொட்டகையில் நனைந்த இரண்டு மட்டையை யாரோ அடுப்பு ஓரம் சாய்த்துவைத்திருக்கிறார்கள். வெளியே எடுத்துப் போட்டேன்.

தென்காசிக்காரர் குழாயை மாற்றிவிட்டதாகத் தனியே எழுதியிருந்தார். சாரல் ஆரம்பித்ததும் ஊதுபத்தி பிடித்துப் பார்த்து இங்கே எழுதுங்கள். ஃபேன் ஓடும்போதும் ஒருமுறை பாருங்கள்.